நாடகம் பார்க்கப் போன ஞாயிறு

"கணவர் டயாலிசிஸில் கிடக்கிறார்; இவளுக்கு நாடகம் கேட்கிறது" என்று எங்களுள் ஒருவரின் அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். பேசியவர்களுக்கு விடை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அத்தகைய பேச்சுக்கு அஞ்சி வீட்டோடு முடங்கிக் கிடக்கும் எம்போன்றோரை எண்ணியே எழுதுகிறோம்.

நாங்கள் இருவர். ஒருவர் கணவரையும் மற்றவர் தாயையும் கவனித்து வருகிறோம். டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உள்ள நாற்காலிகளில் ஏற்பட்ட பழக்கம். செவ்வாய், வியாழன், சனி எனக் கிழமைக்கு நான்கு மணி நேரமாக மூன்று ஆண்டுகள் அருகருகே அமர்ந்திருக்கிறோம். பேசியதெல்லாம் பொட்டாசியமும் கிரியாட்டினினும்தான். இருவருக்கும் நாடகம் பிடிக்கும் என்பது தெரியவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

கோடைக்காலத்தில் சென்னைச் சபாக்களில் புதிய நாடகங்கள் அரங்கேறும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவுக்குப் போவதென்று முடிவு செய்தோம். ஆழ்வார்ப்பேட்டையில் மாலை நாடகம்; அதற்கு முன் மயிலாப்பூரில் மதியச் சாப்பாடு. சொல்லும்போது எளிதாயிருந்தது. எங்கள் நோயாளிகளுக்கு ஞாயிறும் திங்களும் டயாலிசிஸ் இல்லாத நீண்ட இடைவெளி. உடலில் நீர் சேரும் நாட்கள். ஆகவே ஒருவர் மகனிடமும் மற்றவர் தம்பியிடமும் தாளில் எழுதிக் கொடுத்தோம். அன்றைய தண்ணீர் முழுவதும் இந்தப் பாட்டிலில் உள்ளது, இதற்கு மேல் இல்லை. இந்த மாத்திரை சாப்பாட்டோடு. ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, அக்கையால் பாரம் தூக்கவும் விடக் கூடாது. மூச்சுத் திணறினால் இந்த எண்ணை அழைக்கவும். எழுதி முடித்தபோது அரைத்தாள்தான் நிறைந்திருந்தது. மூன்று ஆண்டுகளாக எங்களைத் தவிர வேறு எவராலும் முடியாது என்று நாங்கள் நம்பியிருந்த வேலை அது.

மாட வீதியில் ஒரு மெஸ்ஸில் இலை போட்டார்கள். முதலில் நாங்கள் செய்தது, ஆளுக்கொரு செம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடித்தது. தாகத்தை அடக்கிக்கொண்டு ஒருவர் படுத்திருக்கும் வீட்டில், கோடையானாலும், நாம் சமையலறைக் கதவின் பின் நின்றே தண்ணீர் குடிக்கிறோம். வாசகர்களில் பலருக்கு இது விளங்கும். பிறகு வத்தக்குழம்பு, அப்பளம், மோர் மிளகாய். உப்பைக் குறைத்துச் சமைத்து, காய்களை வேகவைத்த நீரைக் கொட்டிச் சமைத்துப் பழகிய நாவுக்கு எல்லாமே உப்புக் கரித்தது. ஆயினும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினோம்.

எங்களுள் ஒருவரின் தமக்கை வீடு அருகில் இருந்தது. அங்கே பாய் விரித்துப் படுத்தவர்கள், எழுந்தபோது மணி ஐந்து. இருமல் ஒலிக்கும் விழித்துக்கொள்ளும் எங்களை அன்று எந்த ஒலியும் எழுப்பவில்லை.

நாடகத்தைச் சிறந்த படைப்பு என்று சொல்வதற்கில்லை. கதை எங்கே முடியும் என்பது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு மருத்துவமனைக் காட்சி. உறவினர் ஒவ்வொருவராக வந்து, கட்டிலருகே சாத்துக்குடிப் பையை வைத்து, தத்தம் நோய்க் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அரங்கமே சிரித்தது, எங்களுக்கோ கண்ணீர் வரும்வரை சிரிப்பு. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் பைகள் குவிகின்றன. சாத்துக்குடியில் பொட்டாசியம் மிகுதி. எங்கள் நோயாளிகள் அதைத் தொடக் கூடாது. உண்பவர்கள் நாங்கள்தாம்.

இடைவேளையில் மகன் அழைத்தான். நெஞ்சு ஒரு கணம் நின்றது. தொலைக்காட்சியின் ரிமோட் எங்கே என்று கேட்டான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் குற்ற உணர்வு இல்லாமல் இல்லை. வாயிலில் கணவர் கேட்டது, நாடகம் எப்படி என்று. பிறகு சொன்னார்: "இன்று எவரும் என் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. எத்தனை மிடறு என்று எண்ணவில்லை. மகனோடு கேரம் ஆடினேன். நீ போனதில் எனக்கும் விடுமுறை." பாட்டிலில் கால் பங்குத் தண்ணீர் மீதமிருந்தது. எங்கள் கண்காணிப்பே அவருக்கு ஒரு பாரம் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை. தாயைக் கவனிப்பவரின் வீட்டில் இவ்வளவு இனிய வரவேற்பு இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம். தம்பி வைத்த ரசத்தைப் பற்றி அம்மா இரண்டு நாள் குறை கூறினார். குறை கூறும் தெம்போடு இருந்தார் என்று எடுத்துக்கொண்டோம்.

ஆகவே, நோயாளியைப் பார்க்க வரும் உற்றார்க்கு எங்கள் வேண்டுகோள் இது. பழப்பை வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் முதல் இரவு வரை, எங்கள் நாற்காலியில் அமருங்கள். தாளை நாங்கள் எழுதித் தருகிறோம். துணைவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: போகுமுன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள்; எந்த நாள் உகந்தது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த நாடகத்துக்குத் தாமும் வருவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். படியேறாமல் அமரக்கூடிய ஓர இருக்கை கிடைக்குமா என்று சபாவில் கேட்டு வர வேண்டும்.