640 கிலோபைட்டு

உங்களில் ஐம்பது வயதைக் கடந்தோர் சிலர் 640 என்ற எண்ணைக் கேட்டவுடன் புன்னகைப்பீர்கள். இளையோருக்கோ அதை விளக்க வேண்டியிருக்கிறது.

1981-ஆம் ஆண்டில் ஐபிஎம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரின் 8088 செயலி, 1 மெகாபைட்டு நினைவகத்தை மட்டுமே எட்டக்கூடியது. அதன் மேற்பகுதியான 384 கிலோபைட்டு, திரைக்கும் கணினியின் அடிப்படை நிரலுக்கும் ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 640-தான் மற்ற எல்லாவற்றுக்கும். பின்னாளில் 4, 8 மெகாபைட்டு நினைவகம் பொருத்தியபோதும், டாஸ் நிரல்களில் பெரும்பாலானவை அந்தப் பழைய எல்லைக்குள்ளேயே நெருக்கியடித்துக் குடியிருந்தன. மவுஸுக்கு ஒரு டிரைவர், சிடி-ராமுக்கு ஒரு டிரைவர் என்று ஏற்றிய பின்பு, விளையாட்டு ஒன்றைத் திறந்தால் இடம் போதவில்லை என்று அது மறுத்துவிடும்.

அப்போது கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்னும் இரு கோப்புகளைத் திறந்து வரிவரியாகத் திருத்துவோம். 1991-இல் எம்எஸ்-டாஸ் 5 வந்தபின், 386 கணினிகளில் சில டிரைவர்களை 640-க்கு மேலுள்ள இடுக்குகளில் அமர்த்த முடிந்தது. அதிலும் வரிசை முக்கியம். சில டிரைவர்கள் ஏறும்போது மிகுந்த இடம் கேட்கும், அமர்ந்தபின் சுருங்கிக்கொள்ளும். (விருந்தினர் சிலரும் இப்படித்தான்.)

அந்தக் குறைவே நம்மைச் சீர்ப்படுத்தியது என்று பெருமையோடு சொல்வோருடன் நான் உடன்படுவதில்லை. அது ஒரு வடிவமைப்பு முடிவின் விளைவு. பல இரவுகளை விழுங்கிய தொல்லை. அதைப் புண்ணியமாகப் பிள்ளைகளிடம் எடுத்துரைப்பது நியாயமன்று.

நாம் இழந்தது வேறொன்று. 'மெம் /சி' என்று தட்டினால், நினைவகத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு நிரலின் பெயரும் அளவும் திரையில் வரும். வேண்டாததன் வரிக்கு முன்னே 'ரெம்' என்று எழுதிவிட்டால், அடுத்தமுறை கணினியைத் தொடங்கும்போது அது உள்ளே வராது. இன்று உங்கள் கையிலுள்ள 8 ஜிபி ஃபோன், அந்த 640-ஐப்போல் பதின்மூவாயிரம் மடங்கு கொள்ளும். அதற்குள் எது விழித்திருக்கிறது, யாருக்குச் செய்தி அனுப்புகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

ஆகவே பெரியோரே, பேரப்பிள்ளைகளிடம் பழங்கதை சொல்லும்போது, அவர்களோடு அமர்ந்து ஃபோனின் செட்டிங்ஸைத் திறந்து, அதிலுள்ள செயலிகளின் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள். ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். காரணம் சொல்ல இயலாதவற்றை நீக்குங்கள். சிலவற்றை நீக்க ஃபோன் இடந்தராது. அவற்றின் பெயரையாவது அறிந்துவைப்போம்.