லஞ்சத்துக்கு எத்தனை பெயர்!

லஞ்சத்தை லஞ்சம் என்று சொல்லும் தைரியம் நமக்குப் போய்விட்டது. வாங்குகிறவர்களை விட்டுத் தள்ளுங்கள். கொடுக்கிற நம்மைத்தான் சொல்கிறேன்.

ஐந்தருவிக்குச் சாரல் காலத்தில் போய்ப் பாருங்கள். ஈரத் துண்டோடு நின்றுகொண்டு ஜனங்கள் ஊர் விவகாரம் அத்தனையும் பேசுவார்கள். சென்ற ஆண்டு அங்கே தலை துவட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், பட்டா மாற்றிய கதையைத் தம் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் கவனிச்சேன் மாப்பிளே", "டீச்செலவுக்குக் கொடுத்தேன்", "எல்லாரும் கொடுக்கிற மாமூல்தான்" என்று எல்லாம் வந்தன. லஞ்சம் என்ற ஒரு சொல் மட்டும் கடைசி வரை வரவில்லை.

மாமூல் அரபியிலிருந்து வந்த சொல். வழக்கம் என்று பொருள். எவ்வளவு சாமர்த்தியமான பெயர்! வழக்கத்தை யார் குற்றம் சொல்வது? வடசொல் வேண்டாமென்று நாம் எடுத்துக்கொண்ட 'கையூட்டு' இன்னும் மோசம். ஊட்டுவது தாய் செய்கிற காரியம். அந்தச் சொல்லையா மேஜைக்கடியில் நீளும் கைக்குத் தானம் செய்வது?

இன்னொரு கட்சியினர் உண்டு. "பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதும் லஞ்சந்தானே?" என்பார்கள். எல்லாமே லஞ்சம் என்றால் எதுவுமே லஞ்சமில்லை. வாங்குகிறவருக்கு இவர்களைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டார்.

வித்தியாசம் தெரிய இந்த மண்ணில் பிறந்த குற்றாலக் குறவஞ்சியே போதும். திரிகூடராசப்பக் கவிராயரின் சிங்கி ஊர் ஊராகக் குறி சொல்லி, நகைகளோடு திரும்புகிறாள். சந்தேகப்பட்ட சிங்கன் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். இது இன்ன நாட்டில் பெற்றது என்று அவள் கூசாமல் சொல்கிறாள். அது பரிசு. அப்படிச் சொல்ல வாய் கூசுமானால் லஞ்சம். சிங்கி விற்றது தன் வித்தையை. நம் குமாஸ்தாவோ நமக்கு உரியதை நமக்கே விற்கிறார்!

"காரியம் சீக்கிரம் நடக்கிறதே" என்பீர்கள். 1962-இல் அமைந்த கே. சந்தானம் கமிட்டி, 1964-இல் தந்த அறிக்கையில் இந்த 'வேகப் பணம்' பற்றியும் சொல்லியிருக்கிறது. வேகத்துக்கு விலை வைத்தபின் தாமதம் தானாக உண்டாவதில்லை, ஸ்வாமி. அதை உற்பத்தி செய்கிறார்கள். விலை கொடுக்காதவனின் காகிதம் அடியில் போய்விடுகிறது.

1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது, கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கினார்கள். நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டீச்செலவுக்குக் கொடுத்ததை எவன் புகார் செய்வான்? மாமூலை எந்த மகராஜன் போய் எழுதிக் கொடுப்பான்?

அதனால்தான் கேட்கிறேன். கொடுக்க நேர்ந்துவிட்டால், வீட்டுக்கு வந்து மனைவி மக்களிடம், "இன்று லஞ்சம் கொடுத்துவிட்டு வந்தேன்" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். நாக்குச் சுடும். சுடட்டும். சுட்டால்தான் மறுநாள் புகார் எழுதக் கை வரும்.