காற்றுக்குக் கூலி

"பெட்டி எங்கே சீப்பாகக் கிடைக்கும்?"

ஆன்லைனில் சேலை, பொடி, பொம்மை என்று எதையாவது விற்கக் கிளம்பும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. பாரிமுனைக்குப் போ, ஒரே அடியாக ஐநூறு வாங்கு, பெட்டிக்கு ரெண்டு ரூபாய் மிச்சம் என்று பதில் சொல்லவும் நாலு பேர் தயாராக இருப்பார்கள். கேட்டவரும் சந்தோஷமாகப் போய் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிடுவார். ரெண்டு ரூபாய் மிச்சம் பிடித்துக்கொடுத்த அதே பெட்டி, பார்சலுக்குப் பார்சல் நூறு ரூபாயை உருவிக்கொண்டு போகும் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எப்படி நூறு ரூபாய்? கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். வருவதற்கு 'வால்யூமெட்ரிக் எடை' என்று பெயர். தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. இதைக் கொள்ளை என்று திட்டுவதில் அர்த்தமில்லை. லாரியில் அவர்கள் விற்பது இடத்தை. பஞ்சு மூட்டைக்கும் இரும்புக் கம்பிக்கும் கிலோவுக்கு ஒரே கூலி என்றால் எந்த லாரிக்காரரும் பிழைக்க முடியாது.

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலை எடுத்து வாட்ஸப்பில் விற்கும் ஒரு பெண்மணியை வைத்துக் கணக்குப் போடுவோம். சேலை 600 கிராம். 'ஹை கிளாஸா இருக்கணும்' என்று 38 x 30 x 8 அளவில் ஒரு கெட்டி அட்டைப்பெட்டி. பெருக்கினால் 9120. வகுத்தால் 1.82 கிலோ. அரை கிலோவுக்கு ஒரு படி என்று கட்டணம் ஏறும், ஆகவே 2 கிலோ, நாலு படி. அதே சேலையை ஒழுங்காக மடித்து 35 x 28 x 4 அளவுக்குள் கூரியர் கவரில் போட்டால்? 3920ஐ வகுத்தால் 0.78. அதாவது 1 கிலோ, ரெண்டே படி. படிக்கு 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெட்டிக்கு 180, கவருக்கு 90. கூரியர் சேவைக்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 212.40, 106.20. வித்தியாசம் 106 ரூபாய் 20 காசு. சேலைக்கு நூறு ரூபாய் லாபம் வைத்து விற்பவருக்கு இந்த வித்தியாசம் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. மாதம் நூறு சேலை விற்றால் 10,620 ரூபாய். அவர் வீட்டு வாடகையாகக்கூட இருக்கலாம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன? பாதிக்கும் குறைவாகச் சேலை, பாதிக்கு மேல் காற்று. அந்தக் காற்றை இளம்பிள்ளையிலிருந்து ஏ.சி. வண்டியில் டெல்லிக்கு அனுப்பாத குறைதான் :-)

இந்தப் பெட்டி மோகத்தைக் கிளப்பிவிட்டவர்கள் யார்? யூட்யூபில் தொழில் ரகசியம் சொல்லும் அண்ணன்மார்கள்தான். 'அன்பாக்சிங் அனுபவம்' என்பார்கள். பேர் அச்சடித்த டேப், டிஷ்யூ பேப்பர், 'நன்றி' கார்டு, வட்ட ஸ்டிக்கர், வைக்கோல் மாதிரி கிழித்த காகிதம்... பல பேர் அதே வீடியோவின் கீழே அந்தச் சரக்கு விற்கும் கடையின் லிங்க்கையும் போட்டிருப்பார்கள். பல ஆயிரம் ரூபாய்ப் போனுக்கு அலங்காரப் பெட்டி கட்டுப்படியாகும். 650 ரூபாய் காட்டன் சேலைக்கு? வாங்கும் அக்கா பார்ப்பது சாயம் போகிறதா, ப்ளவுஸ் துணி இருக்கிறதா என்பதைத்தான். நன்றி கார்டு அன்றைக்கே குப்பைக்குப் போகிறது.

பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு பாகுபாடு வரும். பொருளோடு ஒட்டிய முதல்நிலைப் பேக்கிங் உற்பத்திச் செலவு. கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான இரண்டாம்நிலைப் பேக்கிங் விநியோகச் செலவு. பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி, அத்தோடு மறந்துவிடுவோம். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டி விநியோகச் செலவு என்றால் அதன் விலையைத் தனியாகப் பார்க்கவே கூடாது, கூரியர் பில்லோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். மூணு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கிய சின்னப் பெட்டி, இலவசமாகக் கிடைத்த பெரிய பெட்டியைவிட மலிவு.

வரி விஷயத்திலும் இதே கூத்து. 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆஹா என்று கொண்டாடியவர்கள், கூரியருக்கு 18% அப்படியே இருப்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகள் சொந்த மாநிலத்துக்குள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே ஆன்லைன் தளங்களில் விற்கலாம். நல்ல சலுகைதான். ஆனால் பதிவு இல்லாதவருக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, கூரியருக்குக் கட்டும் வரி முழுக்கக் கைக்காசு. காற்றுக்குக் கூலி மட்டுமல்ல, காற்றுக்கு வரியும் சேர்த்து!

சரி, பெட்டியே வேண்டிய சரக்கு என்றால்? தெருமுனை மெடிக்கல் ஷாப்பிலும் மளிகைக் கடையிலும் தினமும் பெட்டி மிஞ்சுகிறது. அதில் ஒன்றை எடுத்து, நாலு மூலையையும் சரக்கின் உயரம் வரை கத்தியால் கீறி, ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டு மடக்கினால் அளவான பெட்டி ரெடி. பழைய பார்கோடை மட்டும் கிழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கேனர் குழம்பும். பழைய பெட்டியில் அனுப்பினால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் பெட்டியை உள்புறம் வெளியே வருமாறு திருப்பி ஒட்டலாம். ஐநூறு புதுப் பெட்டியை வாங்கி அடுக்குவதில் இன்னொரு சங்கடம், ஐப்பசி மழையில் அட்டை ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோகும். முடங்கிய முதலும் போச்சு, பெட்டியும் போச்சு.

டேப் வாங்கும்போது ரோல் குண்டாக இருக்கிறதா என்று பார்க்காமல் எத்தனை மீட்டர் என்று பார்க்க வேண்டும். சில ரோலில் உள்ளே இருக்கும் அட்டைக் குழாய்தான் குண்டு. சேலைக்கு பபுள் ராப் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சேலை உடையுமா என்ன? (1957ல் அமெரிக்காவில் இரண்டு பேர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் போய்ப் பிறந்ததுதான் இந்த பபுள் ராப். அலங்காரத்துக்குப் பொருள் தேடியவர்கள் பேக்கிங்கில் வந்து முடிந்தார்கள், நம் ஆட்கள் பேக்கிங்கிலிருந்து அலங்காரத்துக்குப் போகிறார்கள்.)

இதைப் படித்துவிட்டு ஊறுகாய் பாட்டிலையும் கூரியர் கவரில் போட்டு அனுப்பினால் அது தனிக் கூத்து. கண்ணாடிக்குச் சுற்றிலும் ரெண்டு இஞ்ச் மெத்தை வேண்டும், அங்கே காற்றுக்குக் கொடுக்கும் கூலி நியாயமான கூலி. ஒரு பாட்டில் உடைந்தால் சரக்கும் போய், திரும்பி வரும் கூலியும் பெரும்பாலும் விற்றவர் தலையில்தான். பலகாரத்தைப் பழைய பேப்பரில் சுற்றி மிச்சம் பிடிக்கவும் கூடாது. உணவுப் பண்டத்தை நியூஸ்பேப்பரில் பொதிவதற்கு 2018ன் உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் விதிகளிலேயே தடை இருக்கிறது.

இன்னொன்று. அளவு எடுப்பது வீட்டில் அல்ல, கூரியர் கிடங்கில், மெஷின் எடுக்கிறது. பெட்டி எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அங்கேதான் அளக்கும். வீட்டில் 8 செ.மீ. இருந்தது அங்கே 10 ஆகி, மறுவாரம் 'எடை வித்தியாசம்' என்று கணக்கிலிருந்து சத்தமில்லாமல் பணம் கழியும். தையல் டேப்பைப் பெட்டியின் மேல் நீட்டி ஒரு போட்டோ, தராசில் வைத்து ஒரு போட்டோ, பார்சல் எண் தெரிகிற மாதிரி. ரெண்டு நிமிட வேலை. கழித்த பணத்தை எதிர்த்துக் கேட்க அந்த ரெண்டு போட்டோவைத் தவிர விற்பவர் கையில் வேறு சாட்சி கிடையாது.