கரும்புத் தீவின் பந்தி

இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மொரீஷியஸ் தீவு. பவளப்பாறைகள் அரணாக நிற்க, அலையடங்கிய நீலக் கடலைக் காணப் பல நாட்டாரும் அங்குச் செல்கின்றனர். நம் பங்குக் குடும்பங்களிலிருந்தும் சிலர் சென்று வருகின்றனர். திரும்பி வருவோர் பெரும்பாலும் கடற்கரையின் அழகையே பேசக் கேட்கிறோம். அத்தீவை உண்மையிலேயே காண விரும்புவோர் கடற்கரைக்கு அப்பாலும் சில இடங்களை நாடவேண்டும்.

முதலில் உணவு. தலைநகரான போர்ட் லூயிஸின் மையச் சந்தைக்குக் காலையிலேயே சென்றுவிடுவது நன்று. பருப்பை வேகவைத்து அரைத்து, உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டியை அங்கே ‘தால் பூரி’ என்பர். இரண்டிரண்டாக அடுக்கி, அவரைக் குழம்பும் தக்காளித் தொக்கும் இட்டு, தாளில் சுருட்டித் தருவார்கள். ‘காத்தோ பிமா’ என்பது நம் பருப்புவடையின் உடன்பிறப்பே. அதனை ரொட்டிக்குள் வைத்து உண்கின்றனர். தாகத்திற்குப் பாலும் சப்ஜா விதையும் கலந்த ‘அலூதா’ உண்டு. சீனர் கொண்டுவந்த வறுத்த நூடுல்ஸும் பக்கத்திலேயே கிடைக்கும். தமிழர் விழாக்களில் வாழையிலையில் ஏழு கறி படைக்கின்றனர். நம் இரசமோ அங்கு ‘ரசோன்’ ஆகியுள்ளது.

இத்தனை நாட்டுச் சுவைகள் ஒரே சந்தையில் கூடியது எவ்வாறு? அதே நகரின் துறைமுகத்தில் உள்ள ‘ஆப்பிரவாசி காட்’ இதற்கு விடை கூறும். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து அங்கு வந்திறங்கினர்; தமிழரும் அவர்களுள் இருந்தனர். கரும்புத் தோட்டங்களுக்காகவே பெரும்பாலோர் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் ஏறிய 16 கற்படிகள் இன்றும் உள்ளன. 2006-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

தென்மேற்கு முனையில் கடலோரம் செங்குத்தாக எழும் லெ மோர்ன் மலை, படம் எடுப்போரின் விருப்பமான காட்சி. ஆயினும், தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகளுக்கு அது புகலிடமாக இருந்தது. 1835 பிப்ரவரி 1-ஆம் நாள் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலைச் செய்தி கொண்டுவந்தவர்களைப் பிடிக்க வந்தவர்களென்று அஞ்சிச் சிலர் மலையுச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்று அம்மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். 2008-இல் இம்மலையும் உலக மரபுச் சின்னமாயிற்று.

பாம்பிளமூஸ் தாவரத் தோட்டமும் காணத்தக்கது. தட்டுப்போன்ற பேரிலைகளையுடைய அல்லிகள் அங்குண்டு. தாளிப்பனையும் உண்டு, பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, காய்த்தபின் மடிந்துவிடும் மரம் அது. வடமுனையில் கேப் மால்ஹெரோ எனுமிடத்தில் செந்நிறக் கூரையுடன் கடலை நோக்கி நிற்கும் சகாய அன்னையின் சிற்றாலயத்தில் சற்றுநேரம் அமர்ந்து செபிக்கலாம்.

இறுதியாக, போர்ட் லூயிஸின் செயின்ட் குரோய் பகுதியில் முத்திப்பேறு பெற்ற ஜாக் தெசிரே லவால் அடிகளாரின் கல்லறை. பிரான்சில் மருத்துவராயிருந்து குருவானவர் அவர். 1841-இல் இத்தீவிற்கு வந்தபோது, விடுதலை பெற்றும் ஆதரவற்றிருந்த மக்களையே தம் மந்தையாகக் கொண்டார். அவர்களுடைய கிரியோல் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே மறையறிவு புகட்டினார். வேலை முடிந்து அவர்கள் வரும் இரவு வேளையே அவருடைய போதக வேளை. 1864 செப்டம்பர் 9-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். ஆண்டுதோறும் அவரது நினைவு நாளுக்கு முந்திய இரவில், கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் இஸ்லாமியரும் கால்நடையாக அக்கல்லறைக்கு வருகின்றனர்.

அங்கே நாம் கண்டு வியக்கும் காட்சிகளும் சுவைத்து மகிழும் உணவும், தம் விருப்பமின்றியோ வறுமையாலோ கடல் கடந்த ஏழைகள் விட்டுச்சென்ற பந்தியேயாகும். உண்ணுமுன் செபிக்கும் வழக்கமுடைய நாம், அப்பந்தியை விரித்த கைகளையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். இறந்தோரை நினைத்தால் மட்டும் போதாது. விடுதியில் நம் அறையைத் துப்புரவு செய்பவரும், படகு செலுத்துபவரும், சந்தையில் ரொட்டி சுடும் தாயும் இன்று நம் கண்முன் நிற்பவர்கள். அவர்களுடைய பெயரைக் கேட்டறிதலும், கேட்கும் நியாயமான விலையைப் பேரம் பேசாது கொடுத்தலும் செலவில்லாத அறச்செயல்கள்.

மொரீஷியஸுக்கு நம்மில் பலர் செல்லப்போவதில்லை. கொடைக்கானலுக்கோ கன்னியாகுமரிக்கோ பிள்ளைகளோடு சென்றாலும் இதுவே முறை. காட்சியைக் காட்டும்போதே, அதனருகில் உழைத்துக்கொண்டிருக்கும் மனிதரையும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். லவால் அடிகளார் அத்தீவில் முதலில் கண்டது அவர்களைத்தான்.