படையை அழைத்தது சரிதான், வரவேற்பு எங்கே?

சமாதானம் செய்யப் போனவன் சண்டைக்காரன் ஆனால் என்ன நடக்கும்? இலங்கையில் நடந்தது.

1987 ஜூலை 29-ந்தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தம் போட்டார்கள். உடனே நம் ஜவான்கள் போய் இறங்கினர். புலிகளிடம் ஆயுதத்தை வாங்கப் போனவர்கள், அக்டோபரில் புலிகளோடு மோதினர். அக்டோபர் 21-ந்தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து படை சுட்டது. டாக்டர், நர்சு, நோயாளி என்று பலர் பிணமானார்கள். யாரைக் காப்பாற்றப் போனார்களோ, அந்தத் தமிழர்களே நடுங்கினர்!

நம் ஜவான்களும் சுமார் 1,200 பேர் பலி.

1989 ஜூனில் அதிபர் பிரேமதாசாவே வெளியேறச் சொல்லிக் கெடு வைத்தார். வீட்டுக்காரனே போகச் சொன்ன பிறகு அங்கே என்ன வேலை? அப்போதே மூட்டை கட்டியிருக்க வேண்டும். கடைசி அணி கப்பல் ஏறியது 1990 மார்ச் 24-ந்தேதி. வி.பி.சிங் அரசு திருப்பி அழைத்தது சரியே.

ஆனால் சென்னைக்கு வந்த படையை வரவேற்க அன்றைய முதல்-அமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்ற கோபம். கோபம் நியாயம்தான். காட்ட வேண்டிய இடம் துறைமுகம் அல்ல, டெல்லி. உத்தரவு போட்டது அங்கேதானே? ஜவான் போகச் சொன்ன இடத்துக்குப் போனவன். ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் டெல்லிதான்.