"முதல் பெண்" எண்டு சொல்லிப்போட்டு ஓடாதீங்கோ

ஃபியாமே நவோமி மாத்தாஃபா 2021இல் சமோவாவின் பிரதமரானபோது பெரும்பாலான ஊடகங்கள் ஒரே தலைப்பைத்தான் போட்டன: முதல் பெண் பிரதமர். 2025இல் பதவி போனபோதும் கிட்டத்தட்ட அதே தலைப்பு, வினைச்சொல் மட்டும் வேற. அதற்கு முன்னம் முப்பது வருசம் அந்த மனுசி எங்க இருந்தவர், என்ன செய்தவர் எண்டு கேட்க ஆக்களுக்கு நேரமில்லை. இலங்கையில இருக்கிற எங்களுக்கு இது பழக்கப்பட்ட விசயம். உலகத்தின் முதல் பெண் பிரதமர் 1960இல் எங்கட நாட்டில வந்தவர் எண்ட பெருமையைச் சொல்லிச் சொல்லியே, அந்த ஆட்சியில என்ன நடந்தது எண்ட கேள்வியைத் தாண்டிப் போறவை எத்தனை பேர்!

"முதல் பெண்"ணுக்கு அடுத்ததாக வாறது "தகப்பனின் மகள்". தகப்பன் சுதந்திர சமோவாவின் முதல் பிரதமர்தான், மறுக்கேலாது. தாய் லாவுலு ஃபெதாவுயிமலேமாவு ஆசிரியராக, பாராளுமன்ற உறுப்பினராக, நியூஸிலாந்துக்கான உயர்ஸ்தானிகராக இருந்தவர். அந்தத் தாயைப் பற்றி யார் கதைக்கினம்? தகப்பன் 1975இல் இறந்த பிறகு, வெலிங்டனில அரசறிவியல் படிச்சுக்கொண்டிருந்த பிள்ளை குடும்பப் பட்டத்துக்கான வழக்குக்காக நாடு திரும்பினார். "ஃபியாமே" எண்டது அந்தப் பட்டம்தான். சமோவாவில குடும்பத் தலைமைப் பட்டம் பெற்ற மதாய்கள் மட்டுந்தான் தேர்தலில நிக்கலாம். சில கிராமங்களில பெண்களுக்கு அந்தப் பட்டமே கொடுக்கிறதில்லை. ஆகவே அவருக்கு வாய்ப்பு இருந்தது, உண்மை. ஆனால் அந்த வாய்ப்பையும் இருபது, இருபத்தொரு வயசில நீதிமன்றப் படியேறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்த நீதிமன்றத்தை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு திரும்பி வரும்.

1985இல் லோதோஃபாகா தொகுதியில வென்றார். 1991இல் அமைச்சரவைக்குப் போன முதல் பெண். கிடைச்சது கல்வி அமைச்சு. 2006 வரைக்கும் அதிலேயே இருந்தார். பதினைந்து வருசம்! எங்கட பக்கத்தில ஒரு கல்வி அமைச்சர் பதினைந்து மாதம் இருந்தாலே பெரிய விசயம். பிறகு பெண்கள் விவகாரம், நீதி, 2016இல் துணைப் பிரதமர். இடையில தென் பசுபிக் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராகவும் அதன் பேரவைத் தலைவராகவும் இருந்திருக்கிறார்.

அந்தப் பதவியை அலங்காரம் எண்டு நினைக்கிறவை அந்தப் பல்கலைக்கழகத்தை அறியாதவை. 1968இல் ஃபிஜியின் சுவாவில தொடங்கினது. பன்னிரண்டு நாடுகளுக்குச் சொந்தமானது. துவாலு, நியுவே, டொகெலாவு மாதிரிச் சின்ன இடங்கள் தனித்தனியாகப் பல்கலைக்கழகம் கட்டேலாது. பசுபிக்கில "பிராந்திய ஒத்துழைப்பு" எண்ட சொல்லுக்கு உடம்பு இருக்கிற இடங்களில இது ஒண்டு. பெரிய நாடு முறுக்கினால் எல்லாருக்கும் நோகும். 2021 பெப்ரவரியில ஃபிஜி அரசு துணைவேந்தரையே நாடு கடத்தினது. ஃபியாமே பிரதமரான அதே வருசம் அந்தத் துணைவேந்தர் சமோவாவின் அலஃபுவா வளாகத்திலயிருந்து வேலை செய்யத் தொடங்கினார். "முதல் பெண்" கட்டுரைகளில இதைத் தேடிப் பாருங்கோ.

இனி அந்த நீதிமன்றக் கதை. 2020இல் அவருடைய சொந்தக் கட்சி மூன்று சட்டமூலங்களைக் கொண்டு வந்தது. காணி மற்றும் பட்டங்கள் நீதிமன்றத்தை உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில இருந்து பிரிக்கிறதுதான் அதின்ர சாரம். கிராமச் சபையின் முடிவால பாதிக்கப்பட்ட ஒருத்தர் அடிப்படை உரிமை எண்டு சொல்லி மேல போற வழி அடைபடும். துணைப் பிரதமராக இருந்த ஃபியாமே செப்டெம்பரில பதவியை விட்டு வெளியேறினார்.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஏறக்குறைய நாற்பது வருசம் நாட்டை ஆண்ட அந்தக் கட்சியில முப்பது வருசத்துக்கு மேல இருந்தவர். 2019 கடைசியில சின்னமுத்து 83 உயிர்களைக் கொண்டுபோனது, கூடுதலாகக் குழந்தைகள். அப்ப அந்த அரசின் துணைப் பிரதமர் இவர்தான். "முதல் பெண்" எண்ட பூமாலை இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் மூடுது.

எனக்குக் கூடக் கோபம் வாற இடம் 2021 ஏப்ரல் தேர்தல். ஃபாஸ்ட் கட்சிக்கு 25, ஆளுங்கட்சிக்கு 25, சுயேச்சை ஒண்டு. பாராளுமன்றத்தில குறைஞ்சது 10 வீதம் பெண்கள் இருக்க வேணும் எண்டு அரசியலமைப்பு சொல்லுது. 51 ஆசனத்தில வென்ற பெண்கள் 5 பேர், 9.8 வீதம். தேர்தல் ஆணையாளர் ஆறாவது பெண்ணாக ஆளுங்கட்சிக்காரி ஒருவரை நியமிச்சார். சுயேச்சை ஃபாஸ்ட் பக்கம் போக, 26க்கு 26. நாட்டின் முதல் பெண் பிரதமரைத் தடுக்கப் பாவிச்ச ஆயுதம் பெண்களுக்கான கோட்டா!

இதைக் காட்டி "கோட்டா எண்டாலே இப்படித்தான்" எண்டு சொல்றவைக்கு ஒரு பதில். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆறு பேர் வேணும் எண்ட கணக்கை ஏற்றது. ஆனால் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிஞ்ச பிறகுதான் ஆறாவது ஆளைப் போடலாம் எண்டது. ஆக, பிழை கோட்டாவில இல்லை, அதை அவசரப்பட்டுப் பாவிச்ச கையில. 2018 உள்ளூராட்சித் தேர்தலில எங்கட 25 வீதத்தைத் திட்டினவையும் இதை ஒருக்கா வாசிக்கலாம்.

மே 24 பாராளுமன்றக் கதவுக்குப் பூட்டு. பிரதம நீதியரசர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அண்டைக்குப் பின்னேரம் வெளியில புல்வெளியில கூடாரம் அடிச்சுச் சத்தியப்பிரமாணம் எடுத்தினம். அது செல்லும் எண்டு நீதிமன்றம் சொன்னது ஜூலை 23இல்.

நாலு வருசத்தில சொந்தக் கட்சியே உடைஞ்சது. 2025 மேயில வரவு செலவுத் திட்டம் தோற்றது. ஓகஸ்ட் தேர்தலில அவருடைய புதுக் கட்சிக்கு மூன்றே மூன்று ஆசனம். அதில ஒண்டு லோதோஃபாகா, நாற்பது வருசமாக அவர் வெல்லுற அதே தொகுதி.