'கியர்பாக்ஸ் போச்சு!' என்று சொன்னால் உடனே நம்பலாமா?

கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பி, குடும்பமே காரில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால், கியர் லீவர் 'பி'யை விட்டு நகர மறுக்கிறது. தெருமுனை மெக்கானிக் வந்து பார்க்கிறார். ''கியர்பாக்ஸே போயிருக்கும் போல சார். ஆட்டோமேட்டிக்ல இதுதான் தொல்லை. லட்ச ரூபாய்க்கு மேல ஆகும்.'' பின்னால் நின்ற மனைவி கேட்கிறார், ''ஏங்க, நீங்க பிரேக் மிதிக்கிறப்ப பின்னாடி லைட்டே எரியலையே?''

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் வீடுகளில் எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. பிரேக் மிதித்திருக்கிறார்கள் என்று காருக்குத் தெரிந்தால்தான் லீவர் 'பி'யிலிருந்து விடுபடும். அந்தத் தகவலைச் சொல்வது பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். அது கெட்டுப்போனால் பிரேக் லைட்டும் எரியாது, லீவரும் நகராது. புஷ் பட்டன் கார் என்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. எல்லா பிரேக் லைட்டுகளும் ஒரே நேரத்தில் எரியவில்லை என்றால், பார்க்க வேண்டியது ஃபியூஸையும் இந்த சுவிட்சையும்தான். பல கார்களில் சுவிட்ச் விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். லட்சம் எங்கே, நூறு எங்கே!

அடுத்தது, உங்கள் காரில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏஎம்டி, சிவிடி, டிசிடி, டார்க் கன்வெர்ட்டர்... எல்லாவற்றிலும் கிளட்ச் பெடல் கிடையாது என்பது மட்டும்தான் ஒற்றுமை. உள்ளே இருக்கும் சமாச்சாரம் வேறு வேறு. ஒன்றில் இயல்பாக இருப்பது இன்னொன்றில் கோளாறு.

2014-ல் செலெரியோவோடு நம் ஊருக்கு வந்து, பட்ஜெட் கார்களில் பரவியது ஏஎம்டி. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஓர் ஆக்சுவேட்டர் இயக்குகிறது. அதனால் கியர் மாறும்போது லேசாகத் தலை ஆடுவது நோய் அல்ல, பிறவிக்குணம். டேஷ்போர்டில் 'என்' என்ற எழுத்து கண் சிமிட்டிக்கொண்டு, 'டி' விழ மறுத்தால், முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல ஏஎம்டி கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் 'உர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஆக்சுவேட்டருக்கான பம்ப். தினமும் கேட்கும் அந்தச் சத்தம் திடீரென்று இழுத்துக்கொண்டே போனாலோ, கேட்காமல் போனாலோ கவனிக்க வேண்டும்.

ஏஎம்டியில் நிஜமாகவே தேய்வது கிளட்ச். மேம்பால ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது, பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலேயே காரை நிறுத்தி வைப்பவர்கள் நிறைய. கிளட்ச் எரிவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. சந்தேகம் இருந்தால், காலி ரோட்டில் மேனுவல் மோடுக்கு மாற்றி, நாலாவது கியரில் 50 கி.மீ வேகத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் விறுவிறுவென ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. மாற்ற வேண்டியது கிளட்ச், கியர்பாக்ஸ் அல்ல.

சிவிடியில் கதை தலைகீழ். அழுத்தி மிதித்தால் இன்ஜின் முதலில் கத்தும், வேகம் பின்னால் வரும். புதிதாக வாங்கியவர்கள் இதற்கே பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதுண்டு. ஓட வேண்டாம். ஆனால், குறைந்த வேகத்தில் கார் நடுங்கினாலோ, வேகத்தோடு சேர்ந்து ஊளைச் சத்தம் உயர்ந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். சிவிடிக்கு அதற்கே உரிய ஆயில்தான் ஊற்ற வேண்டும். 'எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆயில்தானே' என்று வேறொன்றை ஊற்றினால் உள்ளே பெல்ட்டும் புல்லியும் பாழ்.

டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் உடல்நிலையை ஆயில் சொல்லிவிடும். புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பாருங்கள். கருகிய வாசனையோடு கரும்பழுப்பாக இருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிகின்றன. ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் போலக் கலங்கலாக இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. இன்ஜின் ஆயில் மாதிரி இது எரிந்து குறைவதில்லை. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது. 'டி' போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்து 'டொக்' என்று கார் கிளம்பினால், முதலில் அளவைப் பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத கார் என்றால் லிஃப்ட்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும்.

அந்த 'டொக்' சத்தம் மட்டும் இருந்து, கார் உடனே நகர்ந்தால்? இன்ஜினைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். கியர்பாக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டிசிடி உள்ளவர்களுக்கு, நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்கும்போது சூடு எச்சரிக்கை வந்தால், ஓரமாக நிறுத்தி 'பி' போட்டு ஆறவிடுவதுதான் முதல் வைத்தியம். அடிக்கடி வந்தால் மட்டும் சர்வீஸ்.

ஸ்கேனர் போட்டுப் பார்த்து 'பி0700 வந்திருக்கு, பாக்ஸ் மாத்தணும்' என்று யாராவது சொன்னால் சற்று நிதானியுங்கள். 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது' என்பது மட்டுமே அந்த கோடின் அர்த்தம். எந்தக் கோளாறு என்பது அந்த கம்ப்யூட்டரைத் தனியாகப் படித்தால்தான் தெரியும். அது ஒரு வேக சென்சாராகக்கூட இருக்கலாம். அந்த இரண்டாவது கோடை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரா? 2015, 2023 டிசம்பர்களில் சென்னை பார்த்ததுபோல தண்ணீர் ஏறினால், கியர்பாக்ஸின் காற்றுத்துளை வழியாகவும் உள்ளே போகும். ஸ்டார்ட் செய்யாமல், ஆயிலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டி இழுத்தால், இன்ஜின் ஓடாததால் ஆயில் பம்ப் சுற்றாது. சக்கரம் மட்டும் சுற்றும். நன்றாக இருந்த கியர்பாக்ஸும் அந்த வழியிலேயே காய்ந்து தேய்ந்துவிடும்.